ஆவுளியா என்று எழுதவும்

ஆலங்குடா,
14.07.2024, ஞாயிறு.

அன்புள்ள அஸ்ரியா,

நலம் என்று எழுதினால் பொய். நலமறிய ஆவல் என்பது மட்டும் உண்மை.

வெள்ளிக்கிழமையிலிருந்து உனக்குப் பதினாறு தடவை அழைத்துவிட்டேன். முதல் நான்கு தடவை மணி அடித்தது, பிறகு அதுவும் இல்லை. வட்ஸ்அப்பில் உன் படம் இருந்த இடத்தில் ஒரு சாம்பல் வட்டம் இருக்கிறது. நீ என்னைத் தடுத்துவிட்டாய் என்று விளங்கவே எனக்கு ஒரு நாள் பிடித்தது. ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே வாங்கில் இருந்தவள் இப்படிச் செய்வாள் என்று எப்படி நினைப்பது? கற்பிட்டிக்கு பஸ்ஸில் அரை மணித்தியாலம்தான். ஆனால் உன் வாசலில் வந்து நிற்கத் துணிவில்லை. அதனால்தான் தாளில் எழுதுகிறேன். என் கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே, அல்லது சிரி, அதுவும் நல்லதுதான்.

நடந்ததைச் சொல்கிறேன். ஆகஸ்ட்டில் இங்கே கைட் போட்டி. வெளிநாட்டுக்காரர் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் சறுக்குகிற அதே கூத்துத்தான். இந்த வருஷம் பகலில் போட்டி, மாலையில் கடற்கரையில் பார்ட்டி என்று பெரிதாகச் செய்கிறார்கள். பார்ட்டிக்கு ஆட்களை இழுக்க ஒரு சின்னம் வேண்டும், சிரித்த முகத்தோடு ஏதாவது ஒரு பிராணி, என்று எங்கள் ஹோட்டலுக்குக் கொழும்பிலிருந்து வந்த முகாமையாளர் றொகான் கேட்டார். என் மேசைக் கண்ணாடிக்குக் கீழே நீ என் பிறந்தநாளுக்கு வரைந்து தந்த, கடற்புல் மேய்கிற அந்தப் பிராணியின் படம் இருந்தது. அவர் அதைக் கண்டார். "இது யார் வரைஞ்சது? அருமையா இருக்கே" என்றார். எனக்குப் பெருமை தலைக்கு ஏறிவிட்டது, அஸ்ரியா. என் சிநேகிதி வரைந்தது என்றேன். எடுத்துக்கொள்ளலாமா என்றார். ஓம் என்றேன். உன்னைக் கேட்கவேண்டும் என்று தோன்றவே இல்லை. இதுதான் என் முதல் பிழை, இதற்கு எந்தச் சாட்டும் இல்லை.

பெயர் என்ன என்று கேட்டார். எங்கள் வீட்டில் அப்பா சொல்வதுபோல் கடற்பன்றி என்றேன். சிங்களத்திலும் அதே கருத்துத்தானே, அவர் உடனே தலையாட்டினார். உங்கள் வீட்டில் அந்தச் சொல்லை வாயில் எடுக்கமாட்டீர்கள் என்பது அந்த நேரத்தில் மறந்துவிட்டது. கையில் கிளாஸைக் கொடுத்தது, கறுப்புக் கண்ணாடி மாட்டியது எல்லாம் கொழும்பில் நடந்தது. பனர் கட்டின பிறகுதான் நானே பார்த்தேன்.

நான் எதைச் சரிசெய்யவேண்டும் என்று சொல். ஏசியாவது எழுது.

உன்,
அஜித்தா


கற்பிட்டி,
18.07.2024

அஜித்தாவுக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. தபால்காரர் அதை வாப்பாவின் கையில்தான் கொடுத்தார். வாப்பா அனுப்பியவர் பெயரைப் பார்த்துவிட்டு மேசையில் வைத்தார். பிறகு கடைக்குப் போய்விட்டார்.

ஏசச் சொல்கிறாய். எனக்கு ஏச வராது என்று உனக்குத் தெரியும். ஆகவே நடந்ததை எழுதுகிறேன்.

போன வெள்ளி ஜும்ஆத் தொழுகை முடிந்து வாப்பா வரும்போது சந்தியில் ஆட்கள் கூடி நின்றிருக்கிறார்கள். அண்ணாந்து பார்த்தால் ஊதா நிறத்தில் ஒரு பனர். கறுப்புக் கண்ணாடி, ஒரு கையில் நுரை வழிகிற கிளாஸ். "பகலெல்லாம் காற்றோடு, மாலையெல்லாம் கடற்பன்றியோடு" என்று எழுத்து. அதற்குக் கீழே என் கையெழுத்து. படத்தில் இருந்ததை அப்படியே விட்டுவிட்டார்கள், அலங்காரம் என்று நினைத்திருப்பார்கள். 'யா'வின் வால் அலைபோல ஓடுமே, அந்த வால். எங்கள் வீட்டு முன்சுவரில் சித்திர வகுப்புப் பலகையிலும் அதே வால்தான் இருக்கிறது. சந்தியில் நின்ற எல்லோருக்கும் அது தெரியும்.

வாப்பா சத்தம் போடவில்லை. "இது உங்கட கையெழுத்தா மகள்?" என்று மட்டும் கேட்டார். ஓம் என்றேன். படம்தான் என்னுடையது, கிளாஸ் என்னுடையது அல்ல என்று நான் சொல்வதற்குள் அவர் எழும்பி முகம் கழுவப் போய்விட்டார்.

சனிக்கிழமை வகுப்புக்குப் பதினேழு பிள்ளைகள் வருவார்கள். இந்தச் சனி இரண்டு பேர் வந்தார்கள், பக்கத்து வீட்டு அக்கா தங்கை. பாதியில் அவர்களின் உம்மா வந்து, "வீட்டில விருந்தாளி" என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு போனா. விருந்தாளி யாரும் வரவில்லை, எங்கள் ஜன்னலிலிருந்து அவர்கள் வாசல் தெரியும். நான் வண்ணப் பெட்டியை அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன். எனக்கென்று இருந்தது அந்த ஒரு வகுப்புத்தான், அஜித்தா.

மறந்துவிட்டது என்று எழுதியிருக்கிறாய். மறக்கிற விஷயமா அது? ஓ.எல். பரீட்சை எழுதின வருஷம், உங்கட அப்பாவின் வலையில் அந்தப் பிராணியின் குட்டி சிக்கினபோது நாம் இருவரும் இடுப்பளவு தண்ணீரில் நின்று அதைத் தாங்கிக்கொண்டிருந்தோம். அப்பா புது வலையை அறுத்தார். நீ "பாவம் கடற்பன்றி" என்றாய். எங்கள் வீட்டில் அப்படிச் சொல்லமாட்டோம், ஆவுளியா என்போம் என்று நான் சொன்னேன். நீ அந்தச் சொல்லை நாலைந்து தடவை சொல்லிப் பார்த்தாய், நல்லாயிருக்கு என்றாய். அந்த முகத்தைத்தான் நான் வரைந்தேன். உனக்கு வரைந்தேன், ஊருக்கு அல்ல.

என் பெயரை எடுத்துவிடச் சொல். அது போதும்.

நீ மறுபடி அழைக்காதே. உன்னுடன் கதைக்கப் பிடிக்காமல் தடுக்கவில்லை. போனில் உன் குரலைக் கேட்டால் என் கோபம் போய்விடும். அது இன்னும் போகக்கூடாது என்று நினைக்கிறேன்.

அஸ்ரியா


ஆலங்குடா,
22.07.2024

அன்புள்ள அஸ்ரியா,

உன் கடைசி வரியை நான் எத்தனை தடவை வாசித்தேன் என்று சொல்லமாட்டேன். சொன்னால் உனக்குத் தலைக்கனம் வந்துவிடும்.

நல்ல செய்தி. எல்லாம் சரிசெய்துவிட்டேன். சனிக்கிழமை உன் கடிதம் வந்த கையோடு றொகானிடம் போய் நின்றேன். இந்தப் பக்கத்தில் பாதிப்பேர் முஸ்லிம்கள், அவர்கள் சந்தியில் இப்படி ஒரு பெயரைத் தொங்கவிட்டால் எப்படி என்று கேட்டேன். அவர் முதலில், "மிருகத்தின் பெயர்தானே" என்றார். பிறகு யோசித்தார். போன வாரம் கற்பிட்டியிலிருந்து மீன் கொண்டுவருகிறவர் ஏன் வரவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு ஓடியிருக்கிறது. புது பனர் அடிக்க ஒத்துக்கொண்டார். உன் கையெழுத்து இருக்காது. பெயரும் மாறும். மாற்றுப் பெயர் என்ன என்று கேட்டார், ஆவுளியா என்றேன். கொழும்பு அச்சகத்துக்கு நானே போன் பண்ணி எழுத்தெழுத்தாகச் சொன்னேன். நேற்று அவர்கள் மாதிரியைப் போனுக்கு அனுப்பினார்கள். பெரிதாக்கி மூலை மூலையாகத் தேடினேன், உன் பெயர் எங்கும் இல்லை. சரி, அடியுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

கிளாஸை மட்டும் என்னால் எடுக்கமுடியவில்லை. பார்ட்டி என்று தெரியவேண்டுமாம். அது தோடம்பழச் சாறு என்று வைத்துக்கொள் என்றார். நுரை வருகிற தோடம்பழம் எந்த ஊரில் இருக்கிறது என்று கேட்க நினைத்தேன், வேலை போய்விடும் என்று பேசாமல் வந்துவிட்டேன்.

அப்பாவுக்கு நேற்றுத்தான் சொன்னேன். கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்து, "அது வலையில மாட்டினப்ப நான் அறுத்துவிட்டேன். நீ கொண்டுபோய் பனர்ல மாட்டியிருக்கிறாய்" என்றார். அதோடு மறுபடி வலையைப் பார்த்துக் குனிந்துவிட்டார். நீ ஏசியிருந்தால் இவ்வளவு வலித்திருக்காது.

புது பனர் வெள்ளிக்கிழமைக்கு முன்னே சந்திக்கு வந்துவிடும். பிள்ளைகளும் வந்துவிடுவார்கள். நீ பூட்டின அலுமாரியின் திறப்பைத் தொலைத்துவிடாதே.

உன்,
அஜித்தா


கற்பிட்டி,
26.07.2024, வெள்ளி.

அஜித்தா,

புது பனர் வந்துவிட்டது. நீ அதை இன்னும் நேரில் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். பார்த்திருந்தால் ஓடி வந்திருப்பாய்.

"மாலையெல்லாம் அவுலியாவோடு" என்று இருக்கிறது.

ஆவுளியா இல்லை. அவுலியா. எங்கட ஆக்கள் இறைநேசர்களைச் சொல்கிற சொல். நாங்கள் நேர்ச்சை வைத்து, அவர்கள் அடங்கின இடத்துக்கு ஸியாரத் போய், செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிற பெரியார்கள். அந்தப் பெயருக்கு மேலே கண்ணாடி போட்டுக்கொண்டு, நுரை வழிகிற கிளாஸோடு ஆடுகிறது உன் பிராணி.

ஒரு உண்மையைச் சொல்லவேண்டும். எங்கட மூத்தவர் நளீர் நானா ஓட்டோவில் வந்து அதைச் சொன்னபோது நான் குசினியில் இருந்தேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க அடக்க வந்தது. உம்மா பயந்து என் முதுகைத் தடவினா. பிறகு அழுகையும் வந்தது, இரண்டும் ஒன்றாக வந்தால் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும், பரீட்சை முடிவு வந்த அன்று நமக்கு வந்ததே.

வாப்பா சிரிக்கவில்லை. ஒரு மணித்தியாலத்தில் பனரை இறக்கிவிட்டார்கள், ஹோட்டலுக்கும் ஆட்கள் போயிருக்கிறார்கள். ஆனால் ஊரில் என்ன கதைக்கிறார்கள் தெரியுமா? முதல் பனரில் என் கையெழுத்து இருந்தது. இரண்டாவதில் எங்கட சொல் இருக்கிறது. ஆகவே இந்தச் சொல்லையும் நான்தான் எடுத்துக்கொடுத்தேனாம். ஒரு முஸ்லிம் பிள்ளை சொல்லாமல் இந்தச் சொல் ஹோட்டல்காரருக்கு எப்படித் தெரியும் என்று பள்ளி வாசலில் வைத்து வாப்பாவிடம் கேட்டிருக்கிறார்கள். வாப்பா வீட்டுக்கு வந்து தொப்பியைக்கூடக் கழற்றாமல் கதிரையில் இருந்தார். உன் பெயரை நான் சொல்லவில்லை. சொன்னால் உன்னையும் சந்தியில் தொங்கவிடுவார்கள்.

பன்றி என்றால் முகத்தைச் சுளித்துக்கொண்டு போவார்கள், கொஞ்ச நாளில் மறந்துவிடுவார்கள். இதை யாரும் மறக்கமாட்டார்கள். வகுப்புப் பலகையை வாப்பா இன்று கழற்றி உள்ளே வைத்துவிட்டார்.

இனி எதையும் சரிசெய்யாதே, புள்ள. தயவுசெய்து.

அஸ்ரியா


ஆலங்குடா,
31.07.2024

என் அஸ்ரியா,

எதையும் சரிசெய்யாதே என்று எழுதியிருந்தாய். நான் கேட்கவில்லை. இதற்கும் சேர்த்து ஏசிக்கொள்.

அந்த மாதிரியை மறுபடி எடுத்துப் பார்த்தேன். அவுலியா என்றுதான் இருந்தது. என் கண்ணுக்கு முன்னாலேயே இருந்தது. உன் பெயர் இல்லையா என்று மட்டும் தேடினேன், இருந்த சொல்லை வாசிக்கவில்லை. அச்சகத்துக்குப் போன் பண்ணினேன். எழுத்துக் கோத்த அண்ணன், "தங்கச்சி, ஆவுளியான்னு ஒரு சொல்லே இல்லையே, நீங்க பிழையா சொல்லிட்டீங்கன்னு நானே திருத்திவிட்டேன்" என்றார். அவருக்கு நல்லது செய்த திருப்தி. அவரை என்ன சொல்வது? நானும் உனக்கு நல்லதுதான் செய்ய நினைத்தேன்.

றொகானிடம் போய், இரண்டு சொல்லும் நான் சொன்னவை, படத்தையும் வரைந்தவளைக் கேட்காமல் நான்தான் தந்தேன், இதை ஹோட்டல் தாளில் எழுதித் தாருங்கள் என்று கேட்டேன். ஹோட்டல் தாளில் ஒன்றும் எழுதமுடியாது, இந்த விஷயம் அடங்கட்டும் என்றார். அடங்கினால் உங்களுக்குச் சரி, அவளுக்கு இல்லை என்றேன். குரல் கொஞ்சம் கூடிவிட்டது. நாளையிலிருந்து வரவேண்டாம் என்றார். மேசையிலிருந்து உன் படத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். இப்போது பார்ட்டிக்கு ஒரு நண்டை வைத்திருக்கிறார்கள். நண்டுக்குத் தமிழில் எல்லா வீட்டிலும் ஒரே பெயர்தான், தப்பித்துக்கொண்டார்கள்.

ஹோட்டல் எழுதாவிட்டால் நான் எழுதலாம் என்று தோன்றியது. திங்கட்கிழமை காலை எழுதி எடுத்துக்கொண்டு கற்பிட்டிக்கு வந்தேன். ஓம், உன் ஊருக்கு வந்தேன், உன் வீட்டுக்கு வரவில்லை. பஸ்ஸை விட்டு இறங்கியதும் உன் நளீர் நானாவின் ஓட்டோ எதிரே நின்றது. என்னைக் கண்டார். ஓடிவிடலாமா என்று பார்த்தேன். "ஏறு" என்றார். எங்கே என்று கேட்டார், பள்ளிவாசலுக்கு என்றேன். இறங்கும்போது, "தலையை மூடிட்டுப் போ தங்கச்சி" என்றார். அம்மா ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போடுகிற வெள்ளை லேஸ் முக்காடு பையில் இருந்தது. அதைப் போட்டுக்கொண்டு போனேன்.

பள்ளிவாசல் அலுவலகத்தில் செயலாளர் ஸுஹைப் ஹாஜியார் இருந்தார். கடிதத்தை வாங்கி இரண்டு தடவை வாசித்தார். ஏசுவார் என்று நினைத்தேன். அவர் ஒரு வெற்றுத் தாளைத் தள்ளி, "அந்தப் பிராணியின்ட பேரை இதில எழுதுங்க பாப்பம்" என்றார். ஆவுளியா என்று எழுதினேன். "இன்னொருக்கா" என்றார். மூன்று தடவை எழுதினேன், பள்ளிக்கூடத்தில் பிழை எழுதினால் எழுதுவோமே அப்படி. அவர் அதைப் பார்த்துத் தலையாட்டினார். "இதை வெள்ளிக்கிழமை வாசிக்கிறதா இல்லையா என்டு மத்த ஆக்களோட கதைக்கணும்" என்றார். வாசிப்பார்களோ இல்லையோ தெரியாது. உனக்கு இன்னும் கூடுதலான கரைச்சலைத்தான் கொண்டுவந்தேனோ?

வேலை போனதைப் பற்றிக் கவலைப்படாதே. அம்மா கருவாடு காயப்போட ஆள் கிடைத்தது என்று சந்தோஷப்படுகிறா. தலவில் கோயில் திருவிழாவுக்கு ரோட்டெல்லாம் சனம், புனித அன்னம்மாளிடம் உனக்காகத்தான் மெழுகுதிரி ஏற்றினேன். உங்கட அவுலியாக்களிடமும் கேட்டிருப்பேன், அந்தப் பக்கம் முகம் காட்ட வெட்கமாக இருக்கிறது.

நீ இல்லாமல் எனக்கு ஒன்றும் சரியாக இல்லை. இதை நேராகவே எழுதிவிடுகிறேன், சுற்றி வளைத்தால் மறுபடி ஏதாவது எழுத்துப்பிழை வந்துவிடும்.

உன்,
அஜித்தா


கற்பிட்டி,
03.08.2024, சனி.

அன்புள்ள அஜித்தா,

நலம். உண்மையாகவே.

நேற்று ஜும்ஆவுக்குப் பிறகு நான் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். பள்ளி ஒலிபெருக்கியை நிறுத்தாமல் ஸுஹைப் ஹாஜியார் தொண்டையைச் செருமுவது கேட்டது. ஆலங்குடாவிலிருந்து ஒரு பிள்ளை எழுதியிருக்கிறது, எல்லாரும் இருந்து கேட்டுட்டுப் போங்க என்றார். நான் துருவலையைக் கீழே வைத்தேன்.

அவருடைய குரல் உனக்குத் தெரியும், வெற்றிலையும் சளியும் சேர்ந்த குரல். அந்தக் குரலில் அவர் வாசித்தார்: "நான் அஜித்தா. அருமைநாயகத்தின் மகள். படம் அஸ்ரியா எனக்குப் பிறந்தநாளுக்குத் தந்தது. நான் அவளைக் கேட்காமல் கொடுத்தேன். கிளாஸ் அவள் வரைந்தது அல்ல. முதல் சொல் என் வாயிலிருந்து வந்தது. இரண்டாவது சொல்லும் என் வாயிலிருந்துதான் போய் கொழும்பில் பழுதானது. அவள் எந்தச் சொல்லையும் கொடுக்கவில்லை. அவளுக்கு இதெல்லாம் நடந்தது என்னை நம்பியதால்."

இடையில் அந்தச் சொல் வந்த இடத்தில் நின்றுவிட்டார். "இதை நான் இழுத்து வாசிக்கணும்" என்று சொல்லி, "ஆ... வுளியா" என்றார். பள்ளிக்குள் சிரிப்புச் சத்தம் ஒலிபெருக்கியிலேயே கேட்டது. பிறகு கடைசி வரிக்கு வந்தார். "அவள் என் சிநேகிதி. அவளைப் போல எனக்கு வேறு ஆள் இல்லை. எனக்கு மிகவும் வெட்கமாக இருக்கிறது." இதை அவர் மீன் ஏலம் கூறுகிற மாதிரி உரத்து வாசித்தார், அஜித்தா. கற்பிட்டி முழுக்கக் கேட்டது. உம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தா. நான் தேங்காய்ப்பூவுக்குள் அழுதேன்.

வாப்பா வந்து சாப்பிட இருந்தார். பாதிச் சோற்றில், "அந்தப் பிள்ளை இந்த முறை சரியா எழுதியிருக்கு" என்றார். சாப்பிட்டு முடிந்ததும் சுத்தியலைத் தேடினார். பலகை பழைய இடத்தில் இருக்கிறது, கொஞ்சம் சரிவாக. நான் நேராக்கவில்லை.

இன்று காலை ஒன்பது பிள்ளைகள் வந்தார்கள். மற்ற எட்டுப் பேரும் வருவார்களோ தெரியாது. வண்ணப் பெட்டியைத் திறந்தால் பச்சை மட்டும் காய்ந்திருந்தது. என்ன வரையலாம் என்று கேட்டேன். ஒன்பது பேரும் ஆவுளியா என்றார்கள், வேறு ஒன்றுக்கும் இணங்கவில்லை. ஒரு சின்னவள் அதன் கையில் கிளாஸ் வரைந்துவிட்டாள். "ஏன் மகள்?" என்றேன். "அது உப்புத் தண்ணியிலேயே இருக்கு டீச்சர், தண்ணி விடாய்க்கும்தானே" என்றாள். அந்தப் படத்தைச் சுவரில் ஒட்டிவிட்டேன்.

இதோடு நானும் ஒன்று வரைந்து வைத்திருக்கிறேன். அன்று அந்தக் குட்டி கண்ணை மூடிக்கொண்டு உன் தோளில் சாய்ந்திருந்ததே, அந்த முகம். அந்தப் பழைய படம் கெட்டுப்போகவில்லை, இருந்தாலும் புதிது ஒன்று உனக்கு வேண்டும். கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன், வாலோடு. யாருக்காவது கொடுக்கவேண்டும் என்று தோன்றினால் முதலில் என்னைக் கேள். நான் இல்லை என்பேன்.

கருவாட்டு வேலை முடிகிற நாளில் இங்கே வா. ஒன்பது பிள்ளைகளுக்குத் தூரிகை கழுவ ஒரு ஆள் தேவை. எழுதிக்கொடுக்கிற வேலை ஒன்றும் உன்னிடம் தரமாட்டேன்.

போனில் உன் குரலைக் கேட்டால் கோபம் போய்விடும் என்று முன்பு எழுதியிருந்தேன். அதற்காகத்தான் உன்னை இத்தனை நாள் தடுத்து வைத்திருந்தேன். ஆனால் அது ஸுஹைப் ஹாஜியாரின் குரலிலேயே போய்விட்டது. இனி உன்னைத் தடுத்து வைத்து என்ன பயன்? திறந்துவிட்டேன். இந்தக் கடிதம் வந்ததும் அழை.

உன்,
அஸ்ரியா